அளவு சொல்லிக் கேளுங்கள்: புத்தகம், பாட்காஸ்ட், விளையாட்டு

எந்த வாசிப்புக் குழுவிலாவது போய் "நல்ல தமிழ்ப் புத்தகம் ஒண்ணு சொல்லுங்களேன்" என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரத்திலேயே 'பொன்னியின் செல்வன்' வந்துவிடும். சொல்கிறவர்கள் மேல் தப்பே இல்லை. 1950-இல் கல்கி இதழில் தொடராகத் தொடங்கி ஐந்து பாகமாக நிற்கிற அந்த நாவல், இன்றைக்கும் புதிதாகப் படிக்க வருகிறவர்களை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆனால் கேட்கிறவருக்கு என்ன வயது, எதைப் படித்து ரசித்தார், எதைப் பாதியில் மூடி வைத்தார், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று எதுவுமே தெரியாதபோது, பதில் சொல்கிறவர் எல்லோருக்கும் பிடித்த ஒன்றைத்தானே சொல்ல முடியும்? அளவு கொடுக்காமல் தையல்காரரிடம் துணியை மட்டும் கொடுத்துவிட்டு வருகிற மாதிரிதான் இது.

நான் இருப்பது காரைக்குடியில். கணக்குத் தணிக்கை வேலை, வாரத்துக்கு ஒருமுறையாவது மதுரை போய் வர வேண்டும். வீட்டில் எண்பதைத் தாண்டிய அப்பத்தா, எட்டாம் வகுப்புப் படிக்கிற அண்ணன் மகன். பள்ளத்தூரில் பூர்வீக வீடு, படைப்புக்கும் (முன்னோருக்குப் படையல் போடுகிற நாள்) கல்யாணத்துக்கும் எல்லோரும் அங்கே கூடுவோம். இத்தனை பேருக்கும் கேட்க, படிக்க, விளையாட ஏதாவது தேடித் தருகிற வேலை எப்படியோ என்னிடம் வந்து சேர்ந்தது. ரெடிட், வாட்ஸ்அப் குழு, டெலிகிராம் என்று எல்லா இடத்திலும் கேட்டிருக்கிறேன், இப்போதும் கேட்கிறேன். முகம் தெரியாத ஆட்கள் இவ்வளவு அக்கறையாகப் பதில் சொல்வார்கள் என்பதே எனக்குப் பெரிய விஷயம். அந்த அக்கறையை வீணாக்காமல் எப்படிக் கேட்பது என்பதுதான் இங்கே நான் சொல்ல வந்தது.

அப்பத்தாவில் இருந்தே ஆரம்பிக்கிறேன். கண்ணில் புரை எடுத்த பிறகும் சின்ன எழுத்து அவருக்கு நிற்பதில்லை, அதனால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நான் வாசித்துக் காட்டுவேன். அவருக்காக ஒரு குழுவில் நான் போட்ட கேள்வி ஏறக்குறைய இப்படி இருந்தது: "எண்பது வயதுக்கு மேலான அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும், ஒரு நாளைக்கு அரை மணி நேரம். மலேயா, பர்மா பக்கம் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடை வைத்துத் தொழில் செய்ய, போனவர்கள் வாழ்க்கை இருக்க வேண்டும், எங்கள் ஐயாவே (தாத்தா) மலேயாவில் இருந்தவர். ராஜா ராணிக் கதை வேண்டாம், பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டார். ஒரேயடியாக அழுகையும் வேண்டாம். நிறையப் பெயர்கள் வந்தால் குழம்புவார். கையில் புத்தகமாகவே வேண்டும்."

நீளமான கேள்விதான். இப்படிக் கேட்டால் யார் பதில் சொல்வார்கள் என்று நினைப்போம், உண்மையில் நடப்பது நேர்மாறு. சும்மா பெயரைத் தட்டிவிட்டுப் போகிறவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள், விஷயம் தெரிந்தவர் உட்கார்ந்து எழுதுவார். எனக்கு எழுதியவர் எங்கேயோ வெளிநாட்டில் இருப்பவர். ப. சிங்காரத்தின் இரண்டு நாவல்களையும் சொன்னார். பெயரைச் சொன்னதோடு நிற்கவில்லை, எதை முதலில் எடுப்பது என்பதையும் சொன்னார். "'புயலிலே ஒரு தோணி'யைத்தான் எல்லோரும் சொல்வார்கள், ஆனால் அதில் மொழி தாவித் தாவிப் போகும், மனதுக்குள் ஓடுகிற பேச்சு நிறைய, காதால் கேட்கிறவருக்குப் பிடி கிடைக்காது. முதலில் 'கடலுக்கு அப்பால்' எடுங்கள், சின்னது, கதை நேராகப் போகும், பினாங்கு வட்டிக்கடைதான் களம். அது பிடித்திருந்தால் மட்டும் மற்றதற்குப் போங்கள்."

நல்ல பரிந்துரை என்றால் இப்படித்தான் இருக்கும். எது, எந்த வரிசையில், ஏன், யாருக்கு ஒத்துவராது என்று நாலும் அதில் இருந்தது. இதில் நான்காவதைத்தான் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை, அதனால் நானே கேட்டுவிடுகிறேன்: "இது யாருக்குப் பிடிக்காது?" அந்தப் புத்தகத்தை உண்மையிலேயே படித்தவர் உடனே பதில் சொல்லிவிடுவார். படிக்காமல் பெயர் மட்டும் சொன்னவர் அதோடு காணாமல் போவார்.

ப. சிங்காரம் 1920-இல் பிறந்தது சிங்கம்புணரியில். எங்களுக்குத் திருப்பத்தூரைத் தாண்டினால் அந்த ஊர்தான். 1938-இல் கப்பலேறி இந்தோனேசியாவின் மேடானுக்கு வேலைக்குப் போனவர், போர் முடிந்து திரும்பி வந்து மதுரையில் பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்த்தார். 'புயலிலே ஒரு தோணி' 1972-இல் வந்தது. பக்கத்து ஊர்க்காரரின் நாவல் கடல் தாண்டி இருக்கிற ஒருவர் சொல்லி எங்கள் வீட்டுக்கு வந்தது.

வாசிக்க ஆரம்பித்து, வட்டிக்கடையில் மேலாள், அடுத்தாள், எடுபிடி வேலை பார்க்கிற பெட்டியடிப் பையன் என்று வரிசையாக ஆட்கள் வந்ததுமே அப்பத்தா கையை உயர்த்திவிட்டார். "நிறுத்து ஆத்தா, நிறுத்து. ஒங்க ஐயாவும் பெட்டியடிப் பையனாத்தான் கப்பலேறுனாக. மூணு வருசக் கணக்கு முடிஞ்சாத்தான் ஊரப் பாக்க விடுவாக." அன்றைக்கு அதற்கு மேல் ஒரு பக்கம்கூட நகரவில்லை. ஐயா கொண்டுவந்த தகரப் பெட்டியில் என்னென்ன இருந்தது என்று அவர் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு ஆளுக்குப் பொருந்துகிற புத்தகம் என்று நான் சொல்வது இதைத்தான்.

பெயர் தெரிந்த பிறகு புத்தகம் எங்கே கிடைக்கும் என்பது அடுத்த தேடல். இதையும் குழுவிலேயே கேட்கலாம், ஆனால் அங்கே உடனே வந்து விழுவது டெலிகிராமில் சுற்றுகிற ஸ்கேன் பிரதிகள்தான். பதிப்பில் இருக்கிற புத்தகத்தை அப்படி எடுப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். தமிழில் ஒரு நாவல் ஆயிரம் பிரதி விற்பதே பெரிய பாடு, அதையும் இப்படிக் கெடுத்தால் மறுபதிப்பு வராது. காசில்லாமல் படிக்க நேர் வழிகள் நிறைய இருக்கின்றன. நாட்டுடைமை ஆக்கப்பட்ட எழுத்தாளர்களின் நூல்கள் சட்டப்படியே இலவசம். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழைய இலக்கியம் மின்னூலாகக் கிடைக்கிறது, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய பழைய அச்சுகள்கூட உண்டு. அப்புறம் நூலகம். பொது நூலகச் சட்டத்தை 1948-இலேயே கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு 2023-இல் மதுரை புது நத்தம் சாலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் எட்டுகிற தூரம்தான்.

இதைச் சொல்லும்போது கோட்டையூர் ரோஜா முத்தையாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. விளம்பரப் பலகை எழுதுகிற ஓவியர், சொந்தக் காசில் தமிழ் நூல்களும் பத்திரிகைகளும் நோட்டீஸ்களும் சேர்த்து வீட்டையே நூலகம் ஆக்கினார். 1992-இல் அவர் காலமான பிறகு அந்தச் சேகரிப்பு, ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படி, சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சிதறாமல் சென்னைக்குப் போய் இன்றைக்கு ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. பழைய பத்திரிகைத் தொடர் எதையாவது தேடுகிறீர்கள் என்றால் குழுவில் கேட்பதோடு அங்கேயும் ஒரு மின்னஞ்சல் போடலாம்.

இன்னொன்று, இப்போது கட்டாயம் செய்ய வேண்டியது: யார் எந்தப் பெயரைச் சொன்னாலும் அந்தப் புத்தகம் உண்மையில் இருக்கிறதா என்று பாருங்கள். 2025 மே மாதம் அமெரிக்காவில் சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழுடன் வந்த கோடைகால வாசிப்புப் பட்டியலில், 15 புத்தகங்களில் 10 புத்தகங்கள் யாருமே எழுதாதவை. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு எழுதி, சரிபார்க்காமல் அச்சாகியிருக்கிறது. ஆசிரியர் பெயர் நிஜம், நூல் பெயர் கற்பனை. ஒரு பெரிய நாளிதழிலேயே இப்படி என்றால், குழுவில் யாரோ ஒட்டிவிட்டுப் போகிற 'படிக்க வேண்டிய 50' பட்டியலில் எது இருக்கும் எது இல்லை என்று யாருக்குத் தெரியும்? பதிப்பகம், வெளிவந்த ஆண்டு, நூலக அட்டவணை, இந்த மூன்றில் ஒன்றிலாவது அகப்பட வேண்டும்.

பாட்காஸ்ட் கதை வேறு. காரைக்குடியில் பஸ் ஏறி, பிள்ளையார்பட்டி தாண்டி, திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரை போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. பாட்காஸ்டுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் "நல்ல வரலாறு பாட்காஸ்ட் எது" என்று கேட்டால் வருவதெல்லாம் இரண்டு பேர் உட்கார்ந்து மூன்று மணி நேரம் பேசுகிற பேட்டிகள். பஸ் சத்தத்தில் அது ஒட்டாது. அதனால் நான் கேட்கிற முறை இது: ஒரு அத்தியாயம் ஒரு மணி நேரத்துக்குள் இருக்கணும், ஒரே பொருளைப் பற்றி இருக்கணும், ஒருவர் பேச்சில் ஒருவர் விழக்கூடாது, விளம்பரம் குறைவாக இருக்கணும், முந்தைய அத்தியாயம் கேட்காமலே புரியணும். இப்படிக் கேட்டபோது பலரும் ஒருமுகமாகச் சொன்னது பிபிசி ரேடியோ 4-இன் 'இன் அவர் டைம்'. 1998-இல் இருந்து ஓடுகிறது. ஒரு பொருள், அதைப் பற்றி ஆராய்ச்சி செய்த மூன்று பேராசிரியர்கள், முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஆங்கிலம் வேகமாகப் போவதாகத் தோன்றினால் செயலியில் வேகத்தை 0.8-க்குக் குறைத்துக்கொள்ளலாம், நான் அப்படித்தான் கேட்கிறேன், கூச்சப்பட இதில் எதுவும் இல்லை.

பாட்காஸ்ட் விஷயத்தில் நிகழ்ச்சியின் பெயரைக் கேட்பதைவிட "எந்த அத்தியாயத்தில் தொடங்கலாம்?" என்று கேட்பதுதான் பலன் தரும். முதல் அத்தியாயத்தில் ஆரம்பிக்காதீர்கள். பெரும்பாலான நிகழ்ச்சிகள் முதல் சில அத்தியாயங்களில் குரலும் ஒலிப்பதிவும் பழகாமல் தடுமாறும், நடுவில்தான் சூடு பிடிக்கும். அந்த ஒரு அத்தியாயம் மேலூர் வரைக்கும் உங்களை இழுத்துக்கொண்டு போனால் மீதியை எடுங்கள், இல்லையென்றால் விட்டுவிடலாம். ஆன்டெனாபாட் என்று ஒரு இலவசச் செயலி இருக்கிறது, விளம்பரம் கிடையாது. முந்தின நாள் ராத்திரியே வைஃபையில் இறக்கி வைத்துவிட்டால் வழியில் சிக்னல் போனாலும் கவலை இல்லை.

தமிழில் கேட்க வேண்டும் என்று எழுதியதற்கு ஒருவர் போட்ட பதில்: "காரைக்குடியில் இருந்துகொண்டு வெளியே தேடுகிறீர்களே, கம்பன் கழக உரைகளைக் கேட்டதில்லையா?" சா. கணேசன் 1939-இல் தொடங்கிய கம்பன் விழாவில் நடக்கிற உரைகள் இவை, விழா பங்குனியில் காரைக்குடியில் நடந்து நாட்டரசன்கோட்டையில் நிறைவாகும். இந்த ஊரில் மட்டுமில்லாமல் பல ஊர்க் கம்பன் கழக உரைகளும் யூடியூபில் கிடைக்கின்றன, படம் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாத பேச்சு. இருக்கிற ஊரின் பெயரைக் கேள்வியில் எழுதியதால்தான் இந்தப் பதில் வந்தது. முகவரி தர வேண்டாம், ஊர்ப் பெயர் போதும்.

விளையாட்டுக்கு வருகிறேன், இதில்தான் அளவு ரொம்ப முக்கியம். படைப்புக்குப் பள்ளத்தூரில் கூடும்போது சென்னை, சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று எல்லாப் பக்கமிருந்தும் ஆட்கள் வருவார்கள். எட்டு வயதும் இருக்கும், எழுபதும் இருக்கும். சாப்பாடு முடிந்த பிறகு ஆளுக்கொரு மூலையில் போனோடு உட்கார்ந்துவிடாமல் எல்லோரும் சேர்ந்து விளையாட ஒன்று வேண்டும் என்று சித்தப்பா மகன் ஒரு போர்டு கேம் குழுவில் கேட்டான். 'கட்டான்' என்றார்கள். 1995-இல் ஜெர்மனியில் வந்த அருமையான விளையாட்டுத்தான், ஆனால் அடிப்படைப் பெட்டியில் நான்கு பேருக்கு மேல் ஆட முடியாது.

அடுத்து நாங்கள் எழுதிய கேள்வியில் எல்லாவற்றையும் போட்டோம். பத்துப் பன்னிரண்டு பேர், மேசை கிடையாது, வளவில் (வீட்டின் உள்முற்றம்) ஆத்தங்குடிக் கல் தரையில் உட்கார்ந்துதான் ஆட்டம், பாதிப் பேருக்கு ஆங்கிலம் படிக்க வராது, ஒரு ஆட்டம் அரை மணி நேரம், விதி சொல்லித்தர ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுத்தால் பெரியவர்கள் எழுந்து போய்விடுவார்கள். அதற்கு ஒருவர் திருப்பிக் கேட்டார்: "உங்கள் வீட்டில் ஏற்கனவே என்ன விளையாடுவார்கள்?" எவ்வளவு நல்ல கேள்வி! தாயம், பல்லாங்குழி, பிள்ளைகள் ராஜா ராணி சீட்டு என்று எழுதினோம். தாயத்தில் அவர்களுக்கு எது பிடிக்கும் என்றார். வெட்டுவதுதான், பழம் ஏறுவதைவிட அடுத்தவர் காயை வெட்டும்போதுதான் எங்கள் வீட்டில் சத்தம் கேட்கும். அதை வைத்து அவர் இரண்டு சொன்னார். காசு செலவழிக்கலாம் என்றால் 'கேமல் அப்', ஒட்டகப் பந்தயம், எட்டுப் பேர் வரை ஆடலாம், 2014-இல் ஜெர்மனியில் ஆண்டின் சிறந்த விளையாட்டு விருது வாங்கியது. செலவே வேண்டாம் என்றால் 'மாஃபியா', துண்டுச் சீட்டு போதும்.

மாஃபியாவை 1980-களில் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் திமித்ரி தவிதோவ் என்கிற மாணவர் உருவாக்கினார். சீட்டுக் குலுக்கிப் போட்டு ரகசியமாக இரண்டு மூன்று பேர் மாஃபியா, மற்றவர்கள் ஊர்க்காரர்கள். ஒருவர் நடத்துகிறவர். 'ராத்திரி' என்று சொன்னதும் எல்லோரும் கண்ணை மூட வேண்டும், மாஃபியா மட்டும் கண் திறந்து சத்தமில்லாமல் ஒருவரைக் காட்டி வெளியேற்றும். 'விடிந்தது' என்றதும் யார் மாஃபியா என்று பேசி, கைதூக்கி ஒருவரை வெளியேற்ற வேண்டும். ராஜா ராணி சீட்டு தெரிந்த வீட்டுக்கு விளக்கம் சொல்லும் வேலையே இல்லை. கண் மூடச் சொன்னதும் முகப்பில் இருந்து இரண்டாம் கட்டு வரை சத்தமே இல்லாமல் போகும், விடிந்ததும் ஒரே கூச்சல். ஊரில் எல்லோரும் மரியாதையாகப் பார்க்கிற ஒரு பெரியவரைப் பார்த்து எட்டு வயதுப் பெண் "அம்மான்தான் பொய் சொல்றாக, காது செவக்குது பாருங்க!" என்று கத்தினாள், அவர்தான் மாஃபியா. போன் எங்கே கிடந்தது என்று யாரும் தேடவில்லை.

கடையில் வாங்குகிற போர்டு கேம் என்றால் போர்டுகேம்கீக் தளத்தில் ஒருமுறை பாருங்கள். பெட்டியில் '2 முதல் 8 பேர்' என்று போட்டிருக்கும், ஆனால் உண்மையில் எத்தனை பேர் ஆடினால் நன்றாக இருக்கும் என்று ஆடியவர்களே அங்கே வாக்களித்திருப்பார்கள். எவ்வளவு சிக்கலானது என்பதற்கும் ஐந்துக்கு இவ்வளவு என்று ஒரு எண் இருக்கும். பெரியவர்களோடு ஆட நான் இரண்டுக்கு மேல் போவதில்லை.

கணினி விளையாட்டு அண்ணன் மகன் துறை. "அயித்தை, எல்லாரும் இதத்தான் சொல்றாங்க" என்று அவன் காட்டியது பெரியவர்களுக்கான ஒன்று. பழைய மடிக்கணினி, தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை, வயது பதிமூன்று, முகம் தெரியாதவர்களோடு அரட்டை கூடாது, ஒருமுறை காசு கொடுத்தால் அதோடு முடிய வேண்டும், இதையெல்லாம் எழுதிக் கேட்கச் சொன்னேன். 'ஸ்டார்டூ வேலி' வந்தது, ஒரே ஒருவர் உட்கார்ந்து உருவாக்கி 2016-இல் வெளியிட்ட விவசாய விளையாட்டு, பழைய கணினியிலும் ஓடுகிறது. கணினி விளையாட்டு விற்கிற ஸ்டீம் தளத்தில் வாங்கினால், 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அந்த இரண்டு மணி நேரத்தைப் பரீட்சையாக வைத்துக்கொள்ளுங்கள்.

யார் சொல்வதைக் கேட்பது என்பதற்கு என் வழக்கம் இது: அதிக லைக் வாங்கிய பதிலை விட்டுவிட்டுக் கீழே போவேன். லைக் விழுவது எல்லோரும் அறிந்த பெயருக்கு. கீழே யாராவது ஒருவர் நான்கு வரி எழுதியிருப்பார், அவர் பெயரை அழுத்தி முன்பு என்னென்ன சொல்லியிருக்கிறார் என்று பார்ப்பேன். எனக்குப் பிடித்த இரண்டு மூன்று அவர் பட்டியலிலும் இருந்தால் அவர் என் ஆள். அப்படிச் சில பேர் கிடைத்துவிட்டால் பிறகு குழு முழுவதையும் கேட்க வேண்டியதில்லை. பதிலோடு வாங்குகிற இணைப்பும் தள்ளுபடிக் குறியீடும் சேர்ந்தே வந்தால் சற்றுத் தள்ளியே நிற்பேன்.

முடித்த பிறகு திரும்பிப் போய்ச் சொல்லுங்கள். அப்பத்தா பெட்டியடிப் பையன் கதையைச் சொன்னதை அந்த வெளிநாட்டுக்காரருக்கு எழுதினேன். அவர் தாத்தாவும் பினாங்கில் கடைக் கணக்கு எழுதியவராம், அதற்கு மேல் நீளமாக ஒரு கடிதமே வந்தது, கூடவே இன்னும் இரண்டு நூல் பெயர்கள். பிடிக்கவில்லை என்றாலும் ஏன் என்று சொல்லுங்கள், அதை வைத்துத்தான் அடுத்த பரிந்துரை சரியாக வரும்.

இப்போது தேடிக்கொண்டிருப்பது இது. கொண்டுவிக்கப் போனவர்களின் கதை தீர்ந்துவிட்டது, "போனவுக கத சரி, வீட்டுல இருந்தவுக கத இல்லையா?" என்கிறார் அப்பத்தா. செட்டிநாட்டில் கடிதத்துக்குக் காத்திருந்து, பெரிய வீட்டை ஒற்றை ஆளாக நடத்திய பெண்களைப் பற்றி, முடிந்தால் ஒரு பெண்ணே எழுதியது வேண்டும். சத்தமாக வாசிக்கத் தோதாக இருக்க வேண்டும், அத்தியாயம் சின்னதாக இருந்தால் நல்லது, சோகம் இருக்கலாம், சோகம் மட்டுமே வேண்டாம். அச்சில் இல்லாத பழைய புத்தகம் என்றாலும் பரவாயில்லை, நூலகத்தில் தேடிக்கொள்கிறேன். படித்தவர்கள் சொல்லுங்கள், யாருக்குப் பிடிக்காது என்பதையும் சேர்த்து.